மருந்தாளுநர் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அடுத்த மாதத்திலிருந்து மகப்பேறு பிரிவின் மருந்தகத்தில் வேலை என்று எழுதியிருந்தாய். மிசோப்ரோஸ்டால் அங்கே அன்றாடம் கைபடும் மருந்து, எப்போதாவது மிஃபெப்ரிஸ்டோனும் வரும், இரண்டும் கருவைக் கலைக்கவும் பயன்படுபவை, "அந்த அட்டையைத் தொட்டாலே பாவமா அம்மா, பேசாமல் வேலையை விட்டுவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். விட வேண்டாம். தொட்டால் பாவமும் இல்லை. ஆனால் எது பாவம், எது இல்லை என்று தெளிவாகத் தெரிந்துகொண்டுதான் நீ அந்தக் கவுன்டரில் நிற்க வேண்டும். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு நின்றால் இரண்டு விதமாகக் கெடும். ஒருநாள் செய்யக் கூடாததைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வாய். இன்னொரு நாள், வயிற்றுக்குள்ளேயே பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்திக்குக் கொடுத்தே ஆக வேண்டிய மருந்தை மறுத்துவிடுவாய். இரண்டாவதும் பாவம்தான் என்பது நம்மில் பலருக்கு உறைப்பதில்லை.

மருந்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். கரு தங்குவது புரோஜெஸ்ட்ரோனால் என்பது நீ படித்ததுதான். கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிப்பாக வைத்திருப்பதும் அது, தசையைச் சுருங்கவிடாமல் அடக்கி வைப்பதும் அது. மிஃபெப்ரிஸ்டோன் அந்த ஹார்மோன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதன் வேலையைச் செய்யாது. சவ்வு சிதைந்து, கரு பற்றியிருந்த இடம் கழல்கிறது. கர்ப்பப்பை வாய் இளகுகிறது. 24 முதல் 48 மணி நேரம் கழித்துக் கொடுக்கும் மிசோப்ரோஸ்டால் கர்ப்பப்பையைச் சுருக்கி உள்ளிருப்பதை வெளியேற்றுகிறது. 200 மி.கி. ஒன்று, 200 மைக்ரோகிராம் நான்கு என்று ஒரே அட்டையில் வருவது இந்தச் சேர்க்கைதான். பிரான்சில் ரூசெல் உக்லாஃப் நிறுவனம் ஆர்யு-486 என்ற எண்ணில் உருவாக்கிய மருந்துதான் மிஃபெப்ரிஸ்டோன். 1988-இல் அங்கே அனுமதி கிடைத்தது, அமெரிக்காவில் 2000-இல்.

கருவைக் கலைக்க இதைக் கொடுப்பதற்கு அமெரிக்க மருந்துக் குறிப்பில் இப்போதுள்ள வரம்பு 70 நாள். அந்த 70 நாள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. கருவின் உண்மையான வயது ஏறக்குறைய இரண்டு வாரம் குறைவு. அப்படிக் குறைத்துப் பார்த்தாலும் அந்த நேரத்தில் இதயம் துடிக்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும், விரல்கள் பிரிந்திருக்கும், நீளம் சுமார் 3 செ.மீ. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இனித் திருச்சபை என்ன சொல்கிறது என்று பார். 1995 மார்ச் 25 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலில் 58-ஆம் பத்தியை எடுத்து நிதானமாக வாசி. கருவுற்றது முதல் பிறப்பு வரையிலான தொடக்க நிலையில் இருக்கும் மனித உயிரை, வேண்டுமென்றே, நேரடியாக அழிப்பதுதான் கருக்கலைப்பு என்று அங்கே வரையறுத்திருக்கிறார். எந்த முறையில் செய்தாலும் என்று சேர்த்தும் சொல்கிறார். அந்தச் சேர்க்கைதான் உன் கேள்விக்கு முக்கியம். கருவியால் செய்தாலும் மாத்திரையால் செய்தாலும், மருத்துவமனையில் நடந்தாலும் வீட்டுக் குளியலறையில் நடந்தாலும் செயல் ஒன்றே. மாத்திரை என்பதால் இலேசாகிவிடாது. மாத்திரை என்பதால் கூடுதல் கொடுமையாகவும் ஆகிவிடாது. அந்த வரையறையில் 'வேண்டுமென்றே', 'நேரடியாக' என்ற இரண்டு சொற்களையும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள். மீதியெல்லாம் அவற்றிலிருந்துதான் வரும்.

மருந்து கொடுத்துக் கருவைக் கலைப்பது புதிய விஷயம் என்று நினைக்காதே. திருத்தூதர் காலத்தை ஒட்டி எழுந்த 'திதாக்கே' என்னும் பன்னிருவர் போதனையின் இரண்டாம் அதிகாரத்தில், கருவிலுள்ள பிள்ளையைக் கொல்லாதே என்ற கட்டளைக்கு நேர் முன்னால் நிற்கும் கிரேக்க வினைச்சொல் 'ஃபார்மகோன்' என்ற வேரிலிருந்து வருவது. உன் தொழிலின் பெயரே அந்த வேரில் பிறந்ததுதான். நம் ஊர்ப் பேச்சில் 'மருந்து வைக்கிறது' என்று ஒரு பொருள் உண்டே, ஏறக்குறைய அதுதான் அங்கேயும்: குணமாக்காமல் கெடுக்கக் கொடுக்கும் மருந்து. நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியார் ஆயர் அம்பிலோக்கியுவுக்கு எழுதிய மடலில், கருவைக் கலைக்க மருந்து கொடுப்பவர்களும் அதை வாங்கி உட்கொள்பவர்களும் கொலைப்பழிக்கு உள்ளாகிறார்கள் என்கிறார். உருவான கரு, உருவாகாத கரு என்று நுணுகிப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் இல்லை என்றும் சொல்கிறார். அதே இடத்தில்தான், பத்து ஆண்டு தவம் என்று விதித்துவிட்டு, நாட்களை எண்ணாமல் மனமாற்றத்தின் தன்மையைப் பார்த்துக் குணப்படுத்துங்கள் என்றும் எழுதுகிறார். முதல் பாதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். நீ விடாதே.

உன்னோடு வேலை செய்கிற யாராவது, "உங்கள் அக்குவினாரே 40 நாள் கழித்துத்தான் ஆன்மா வருகிறது என்றாரே?" என்று கேட்பார்கள். மழுப்பாதே. அரிஸ்டாட்டிலின் உடலியலை நம்பிய காலத்தில், 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளரான புனித தோமா அக்குவினார் அப்படித்தான் நினைத்தார். கரு எப்படி உருவாகிறது என்று அன்று தெளிவாகத் தெரியாது; பாலூட்டிகளின் கருமுட்டையை வான் பேர் என்ற அறிவியலாளர் கண்டறிந்ததே 1827-இல். ஆனால் ஆன்மா எப்போது என்ற கணக்கில் வேறுபட்டவர்களும் கருவைக் கலைப்பதைப் பெரும் பாவமாகவே வைத்தார்கள்; வேறுபாடு தண்டனையின் அளவில் இருந்தது. சண்டையில் கர்ப்பிணி அடிபட்டால் என்ன தண்டனை என்று பேசும் விடுதலைப் பயணம் 21:22-இலும் இதே சிக்கல் உண்டு. எபிரேயப் பாடம் ஒரு விதமாகவும், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு உருவானது, உருவாகாதது என்று பிரித்தும் சொல்கிறது. அந்த ஒரு வசனத்தை வைத்து எந்தப் பக்கமும் வாதாட வேண்டாம்.

வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1974 நவம்பர் 18 தேதியிட்ட அறிக்கையில் இதற்குச் சொன்ன பதில் எனக்குப் போதுமானதாகப் படுகிறது. கருவில் இருப்பது மனித ஆளா என்பதில் ஐயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், கொலையாக இருக்கக்கூடிய ஒன்றைத் துணிந்து செய்வதே பெரும் தவறு என்றார்கள். உன் வேலையிலேயே பார். லேபிள் கிழிந்த ஓர் ஆம்பூல் கையில் இருக்கிறது. உப்புநீரா, உயிரைப் பறிக்கக்கூடிய பொட்டாசியம் குளோரைடா தெரியவில்லை. உப்புநீராகத்தான் இருக்கும் என்று நரம்பில் ஏற்றுவாயா?

சங்கீதம் 139-ஐயும் எடுத்து வைத்துக்கொள். 16-ஆம் வசனத்தில் 'உருப்பெறாத என்னை உம் கண்கள் கண்டன' என்ற பொருளில் வரும் எபிரேயச் சொல் 'கோலெம்'. இன்னும் வடிவம் பெறாத பிண்டம் என்று அதற்குப் பொருள். கடவுளின் பார்வை வடிவம் வருவதற்கு முன்பே விழுந்துவிட்டது என்கிறார் பாடகர். நான் ஜெபத்தில் அடிக்கடி போய் நிற்கும் வரி அது.

இப்போது உன் அலமாரிக்கு வருவோம். மிசோப்ரோஸ்டால் பிறந்தது வயிற்றுப்புண்ணுக்காக. மூட்டுவலி மாத்திரை தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு இரைப்பை புண்ணாகாமல் இருக்க 200 மைக்ரோகிராம் நாளைக்கு நான்கு முறை. பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கைத் தடுக்க, கர்ப்பப்பையைச் சுருக்கும் ஊசி மருந்தான ஆக்சிடோசின் கிடைக்காத இடத்தில் 600 மைக்ரோகிராம் வாய்வழியாக. ஆக்சிடோசினைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், இதற்கு அது தேவையில்லை என்பதால் எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றுகிற மருந்து இது. நிறைமாதத்தில் வலி வரவழைக்க 25 மைக்ரோகிராம். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 200 மைக்ரோகிராம் மாத்திரையைப் பிளேடால் எட்டாக வெட்டிக் கொடுக்கச் சொல்வார்கள். துண்டுகள் சமமாக வராது. ஒன்றில் 15 இருக்கலாம், ஒன்றில் 40 இருக்கலாம். 25 மைக்ரோகிராம் மாத்திரையே இருந்தால் அதைக் கொடு. இல்லையென்றால் ஒரு மாத்திரையை 200 மி.லி. குடிநீரில் கரைத்து, கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்கி, 25 மி.லி. அளந்து கொடுக்கச் சொல். முன்பு சிசேரியன் ஆன தழும்பு இருந்தால் வலி வரவழைக்க இது கூடாது, கர்ப்பப்பை கிழியலாம். அட்டையிலிருந்து பிரித்துச் சிறு கவரில் போட்டுக் கொடுக்காதே, ஈரம் பட்டால் வீரியம் போய்விடும். அறநெறி பேசுகிற கடிதத்தில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். அளவைச் சரியாக அளந்து கொடுப்பதும் 'கொலை செய்யாதே' என்ற ஐந்தாம் கட்டளைக்குள் அடங்கியதுதான்.

மிஃபெப்ரிஸ்டோனும் அப்படியே. கார்டிசால் ஹார்மோன் மிகுவதால் வரும் குஷிங் நோயில் ஏறும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த 300 மி.கி. மாத்திரையாக அதே மருந்து இருக்கிறது. அதைவிட உனக்கு அடிக்கடி வரப்போவது இன்னொன்று. அதை விரிவாகவே சொல்கிறேன், நீ தடுமாறக்கூடிய இடம் அதுதான்.

ஒரு பெண் கவுன்டருக்கு வருகிறாள். கையில் சீட்டு: மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி. ஒன்று, மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு. மேலே சொன்ன அதே கணக்கு. ஆனால் அன்று காலை ஸ்கேனில் கரு 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் இதயத் துடிப்பு இல்லை. அல்லது கர்ப்பப்பைக்குள் கருவைச் சூழ்ந்திருக்கும் சிறு பை 25 மி.மீ. ஆகியும் உள்ளே கருவே காணவில்லை. குழந்தை இறந்து நாட்களாகிவிட்டது, உடல் இன்னும் வெளியேற்றவில்லை. மிசோப்ரோஸ்டால் மட்டும் கொடுத்தால் சிலருக்கு முழுதாக வெளியேறாமல் மறுபடி கொடுக்கவோ சுத்தம் செய்யவோ நேரிடும். முன்னால் மிஃபெப்ரிஸ்டோன் கொடுத்தால் அது குறையும் என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். இங்கே கொல்லப்படுவதற்கு யாரும் இல்லை. 'உயிரை அழிப்பது' என்ற செயலே இங்கு நடக்கவில்லை. இந்தச் சீட்டுக்கு மருந்து கொடுப்பது கருணைச் செயல். தயங்காதே, முகம் சுளிக்காதே, "இது எதற்கு?" என்று வரிசையில் நிற்கும் பத்துப் பேர் காதில் விழக் கேட்காதே. நேற்று வரை பெயர் யோசித்துக்கொண்டிருந்தவள் அவள்.

பிறகு எப்படித் தெரிந்துகொள்வது? அவளைக் கேட்காமல் மருத்துவரைக் கேள். உள்தொலைபேசியில் "நோயறிதல் என்ன, எத்தனை வாரம், ஸ்கேன் பார்த்தாயிற்றா, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏதாவது எடுக்கிறாரா" என்று நான்கு கேள்வி. எந்த மருந்தாளுநரும் கேட்க வேண்டிய கேள்விகள்தான் இவை. மருத்துவமனைச் சீட்டில் நோயறிதலை எழுதுவதை வழக்கமாக்கச் சொல்லி மருந்துக் குழுவிடம் கோரிக்கை வைக்கலாம். அது எல்லாருக்கும் நல்லது, யாரும் மறுக்க மாட்டார்கள்.

அடுத்தது கருக்குழாயில் தங்கும் கர்ப்பம். இதில் மட்டும் நம் இறையியலாளர்களே ஒரு மனதாக இல்லை. கரு அங்கே பிழைக்க வழியில்லை, குழாய் வெடித்தால் தாய் சில மணி நேரத்தில் இரத்தம் இழந்து இறக்கலாம். கெட்டுப்போன குழாயின் பகுதியை அறுவையில் எடுப்பது சரி என்பதில் கத்தோலிக்க அறநெறியாளர்களிடையே பரவலான இசைவு உண்டு. நோயுற்ற உறுப்புக்குச் செய்யும் சிகிச்சை அது, கருவின் இழப்பு முன்கூட்டித் தெரிந்த ஆனால் நாடாத விளைவு. மெத்தோட்ரெக்சேட் ஊசியில்தான் விவாதம். உடல்பரப்பு சதுர மீட்டருக்கு 50 மி.கி. தசையில் போடுவார்கள். 4-ஆம் நாளும் 7-ஆம் நாளும் இரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனான எச்சிஜி பார்த்து, அந்த இடைவெளியில் 15 சதவீதமாவது குறைந்திருக்கிறதா என்று கவனிப்பார்கள். ஃபோலிக் அமிலத்தைச் செல்கள் பயன்படுத்தவிடாமல் தடுத்து, வேகமாகப் பெருகும் நஞ்சுக்கொடிச் செல்களை அது நிறுத்துகிறது. குழாயைத் துளைத்துக்கொண்டிருக்கும் அந்தச் செல்களைத்தான் தடுக்கிறோம், கருவைத் தாக்கவில்லை என்பது ஒரு சாரார் வாதம். நஞ்சுக்கொடி கருவின் உறுப்பே, அதைத் தாக்குவது கருவைத் தாக்குவதுதான் என்பது மறு சாரார் வாதம். திருச்சபையின் அதிகாரபூர்வமான போதனையாகிய ஆசிரியப் பீடம் இந்த ஊசியைப் பெயர் சொல்லித் தீர்ப்பிடவில்லை. திருச்சபை தீர்க்காத இடத்தில், பொறுப்புள்ள இறையியலாளர்கள் ஏற்கும் கருத்தைப் பின்பற்ற உன் மனச்சான்றுக்கு இடம் உண்டு. நீ அந்த ஊசியை எடுத்துக் கொடுக்கலாம் என்பது என் முடிவு. ஊசி போட்டவள் ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தியிருக்கிறாளா என்று மறக்காமல் பார். நிறுத்தாவிட்டால் மருந்தின் வேலை குறையலாம். மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் சேர்க்கை குழாய்க் கர்ப்பத்தைக் குணப்படுத்தாது என்பதும் நினைவிருக்கட்டும். ஸ்கேன் பார்க்காமல் அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு உள்ள பெரிய ஆபத்தே இதுதான்: இரத்தப்போக்கு வரும், கலைந்துவிட்டது என்று நினைப்பாள், கரு குழாயில் வளர்ந்துகொண்டே இருக்கும்.

இதே கொள்கைதான் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கர்ப்பிணிக்கும். கர்ப்பத்தைச் சாராமல் தாயின் உயிரைக் காக்கச் செய்யும் அவசர சிகிச்சையில், தவிர்க்க முடியாத விளைவாகக் கரு இழக்கப்பட்டால் அது நேரடித் தாக்குதல் ஆகாது என்று 1951-லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் சொல்லிவிட்டார். தாயைச் சாகவிடு என்று திருச்சபை சொல்கிறது என யாராவது சொன்னால் அது பொய்.

'மறுநாள் மாத்திரை' பற்றியும் கேட்டிருந்தாய். அதையும் கருக்கலைப்பு மாத்திரையையும் ஒன்றாகப் பேசுகிறவர்கள் அதிகம். லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மி.கி. 72 மணி நேரத்துக்குள் எடுப்பது. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. முட்டையை வெளிவரத் தூண்டும் எல்எச் ஹார்மோன் ஏறத் தொடங்கிவிட்டால் அதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. கரு ஒட்டுவதைத் தடுக்கிறது என்று பழைய மருந்துக் குறிப்புகளில் இருந்ததை அமெரிக்க மருந்துத் துறை 2022 டிசம்பரில் நீக்கியது. யூலிப்ரிஸ்டல் 30 மி.கி. ஐந்து நாள் வரை. அது மிஃபெப்ரிஸ்டோனின் உறவுக்கார மூலக்கூறு, அதனால் அதில் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். கருவுற்ற பின் ஒட்டவிடாமல் தடுப்பதையும், ஒட்டிய பின் நீக்குவதையும் 2008-இல் வந்த 'மனித ஆளின் மாண்பு' பற்றிய அறிவுறுத்தல் 23-ஆம் எண்ணில் தனித்தனியே பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. கருவுறுதலைத் தடுப்பது வேறு கேள்வி. அதற்குக் கருத்தடை பற்றிய 'மனித உயிர்' சுற்றுமடல் பதில் சொல்கிறது, அங்கே கொலை என்ற பேச்சே இல்லை. வன்புணர்வுக்கு ஆளான பெண் கருவுறாமல் தன்னைக் காத்துக்கொள்வது தவறல்ல. 2013-இல் ஜெர்மன் ஆயர்களும், கருவைக் கலைக்காமல் கருவுறுதலை மட்டும் தடுக்கும் மாத்திரையைக் கத்தோலிக்க மருத்துவமனைகளில் அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள்.

சரி, உயிருள்ள கருவைக் கலைக்கவே எழுதிய சீட்டு வந்தால்? அதை நீ எடுத்துக் கொடுக்கக் கூடாது. 2007 அக்டோபர் 29 அன்று கத்தோலிக்க மருந்தாளுநர்களிடம் பேசிய திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், மனச்சான்றின்படி மறுப்பது உங்கள் உரிமை, அது அங்கீகரிக்கப்பட வேண்டும் என்றார். ஆனால் மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு. கவுன்டரில், அவள் முகத்துக்கு நேராக மறுக்காதே. அங்கே போய் முடிவெடுக்கும்படி வைத்துக்கொள்வதே தவறு. வேலையில் சேருமுன் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடு. "மிசோப்ரோஸ்டால் கொடுக்க மாட்டேன்" என்று எழுதினால் அது பொறுப்பில்லாத கடிதம். பிரசவ இரத்தப்போக்குக்கு அவசரமாகக் கேட்கும்போது என்ன செய்வாய்? "உயிருள்ள கருவின் கர்ப்பத்தை முடிப்பதற்காக எழுதப்படும் சீட்டுகளை எடுத்துக் கொடுப்பதிலிருந்து விலக்கு வேண்டும்; கருச்சிதைவு, குழாய்க் கர்ப்பம், பிரசவ இரத்தப்போக்கு, வலி வரவழைத்தல் அனைத்துக்கும் முழுமையாகப் பணியாற்றுவேன்" என்று எழுது. உன் இடத்துச் சட்டமும் மருத்துவமனை விதியும் இதற்கு எவ்வளவு இடம் தருகின்றன என்று முன்பே படித்து வைத்துக்கொள்.

பெட்டியை அலமாரியில் அடுக்குவது, இருப்புக் கணக்கு எழுதுவது இவையெல்லாம் தூரத்து உடந்தை. அந்த மருந்துக்கு இத்தனை நல்ல பயன்கள் இருக்கும்போது அவற்றுக்காக மனம் குழம்ப வேண்டாம். நோக்கத்தையே தனதாக்கிக்கொண்டு உதவுவதும், அந்தச் செயலுக்கே நேரடியாகக் கைகொடுப்பதும்தான் விலக்கப்பட்டவை. "வேறு ஆளைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்வது உடந்தையா என்பதில் கடுமையான கருத்துள்ளவர்களும் இருக்கிறார்கள். "இந்தச் சீட்டை நான் கவனிப்பதில்லை, பொறுப்பாளர் வருவார்" என்று சொல்லிவிட்டு விலகுவதில் தவறில்லை என்பது என் கருத்து. செய்யவே கூடாதவை: சீட்டைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது, பிரசங்கம் செய்வது, கைவசம் வைத்துக்கொண்டே "மருந்து இருப்பு இல்லை" என்பது. கடைசியாகச் சொன்னது பொய் சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையை மீறுவது. ஒரு கட்டளையைக் காக்க இன்னொன்றை உடைக்காதே.

யாராவது உன்னிடம் மனம்விட்டுப் பேச வந்தால் உண்மையை மட்டும் சொல். இந்த மாத்திரையால் பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சாகிறார்கள் என்று சொல்லாதே. முறையான கண்காணிப்பில் பெரிய சிக்கல்கள் அரிது. மார்பகப் புற்றுநோய் வரும் என்று சொல்லாதே. ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. நம் வாதம் அந்த உயிரின் மதிப்பில் நிற்கிறது, பயத்தில் நிற்கவில்லை. மிஃபெப்ரிஸ்டோனை விழுங்கிவிட்டு மனம் மாறியவள் வந்தால், மிசோப்ரோஸ்டால் எடுக்குமுன் அன்றே மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பு. புரோஜெஸ்ட்ரோன் கொடுத்து மீட்கலாம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 2019-இல் அதைச் சோதித்த ஆய்வு, 12 பேரில் மூவருக்குக் கடும் இரத்தப்போக்கு வந்ததால் பாதியில் நின்றது. மிசோப்ரோஸ்டாலும் எடுத்தபின் கர்ப்பம் தொடர்ந்தால் பிள்ளைக்கு முகத் தசைகள் செயலிழக்கும் மோபியஸ் போன்ற குறைபாடு வரும் வாய்ப்பு உண்டு, ஆகவே அவளுக்குத் தொடர் கவனிப்பு அவசியம்.

கலைத்துவிட்டுச் சிக்கலோடு வருகிறவளுக்குச் செய்யும் எந்தச் சிகிச்சையிலும் உனக்குத் தடை இல்லை. மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் நனைந்து, தொடர்ந்து இரண்டு மணி நேரம் அப்படியே போனால் அவசரம். மிசோப்ரோஸ்டாலுக்குப் பின் நடுக்கமும் காய்ச்சலும் முதல் நாள் வரலாம். 24 மணி நேரம் தாண்டியும் 38 டிகிரிக்கு மேல் நின்றால் தொற்று என்று கொள். தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் என்றால் குழாய் வெடித்திருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்காதே. என்ன மாத்திரை, எத்தனை, எப்போது என்று மெதுவாகக் கேள். அவள் சொன்னது உன்னோடும் மருத்துவரோடும் நிற்கட்டும்.

திருச்சபைத் தண்டனையைப் பற்றியும் ஆட்கள் மிரட்டலாகப் பேசுவார்கள். கருக்கலைப்பைச் செய்து முடிப்பவருக்குத் தானாக விழும் சபைநீக்கம் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் முன்பு 1398-ஆம் சட்டம். 2021 டிசம்பர் 8 முதல் 1397-இன் இரண்டாம் பிரிவு. அந்த உதவி இல்லாமல் செயல் நடந்திருக்காது என்ற அளவில் உடந்தையாக இருந்தவரையும் அது தொடும். ஆனால் 18 வயதாகாதவர், பெரும் அச்சத்தில் செய்தவர், இப்படியொரு தண்டனை உண்டு என்று தன் தவறின்றித் தெரியாதவர் ஆகியோர் மேல் அது தானாக விழாது. வீட்டாரும் காதலனும் நெருக்கித் தள்ளிய எத்தனையோ பேர் இதற்குள் வருவார்கள். 2016 நவம்பர் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிலையாக வழங்கிவிட்டார். ஆயரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்துப் பங்கில் பாவ அறிக்கை கேட்க ஒப்புரவுத் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் சாமியாரே போதும். 'வாழ்வின் நற்செய்தி' 99-ஆம் பத்தி அப்படிப்பட்ட பெண்களிடமே நேரடியாகப் பேசுகிறது. அந்தப் பத்தியைத் தமிழில் தெளிவாகக் கையால் எழுதி வைத்துக்கொள்; தேவைப்படும்போது ஒருத்தியிடம் கொடுக்கலாம்.

உன்னோடு வேலை செய்யும் இசுலாமியத் தோழிக்குக் கருவில் ஆன்மா வருவது 120 நாளில் என்ற கணக்கு முக்கியமாக இருக்கலாம், யூத மரபில் முதல் 40 நாளுக்கு வேறு மதிப்பீடு உண்டு. அவர்களோடு வாதாடி வெல்ல உன்னை அங்கே அனுப்பவில்லை. நீ ஏன் விலகுகிறாய் என்று கேட்டால் இரண்டு வாக்கியத்தில் சொல், பிறகு அவர்கள் சொல்வதையும் கேள்.

பொறுப்பாளருக்கு எழுதும் கடிதத்தை நீயே வரைந்து இந்த வாரத்துக்குள் எனக்கு அனுப்பு. 'உயிருள்ள கரு' என்ற சொல் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். மெத்தோட்ரெக்சேட் பற்றி உன் பங்குச் சாமியாரிடமும் ஒருமுறை கேட்டுவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அம்மா